கல்லூரிக் காசு எங்கே அறுகிறது?

ஜூன் மாதம் சேலத்தில் ஏதாவது ஒரு இ-சேவை மைய வரிசையில் நிற்பவரின் மஞ்சப்பையைப் பிரித்துப் பார்த்தால் அநேகமாக இவை இருக்கும்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டி.சி., சாதிச் சான்றிதழ், அப்பாவின் ஆதார், பிள்ளையின் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக். அப்பாவின் ஆதாரைத் தவிர மற்ற ஆறு தாளிலும் இருப்பது ஒரே பெண்தான். ஆனால் மதிப்பெண் சான்றிதழில் 'பிரியா செ', ஆதாரில் வெறும் 'பிரியா', பாஸ்புக்கில் 'பிரியா செல்வம்', ரேஷன் கார்டில் 'பிரியதர்ஷினி'. தகுதி இருந்தும் உதவித்தொகை வந்து சேராத கதை பலருக்கு இந்தப் பையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

கல்லூரிச் செலவுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் உதவியை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஒன்று, கட்டாமல் விடப்படும் பணம்: முதல் பட்டதாரிச் சலுகை, 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முழுக் கட்டண ஏற்பு போன்றவை. இரண்டு, மாணவரின் கணக்கில் வந்து விழும் பணம்: பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், மத்திய அரசின் தகுதி உதவித்தொகைகள். மூன்று, திருப்பிக் கட்ட வேண்டிய பணம், அதாவது கல்விக் கடன். முதலாவது சேரும் நாளிலேயே அறுந்துவிடும். இரண்டாவது பேங்கில் அறுகிறது, அல்லது இரண்டாம் ஆண்டில். மூன்றாவதில் என்ன தப்பு நடந்தது என்பது படிப்பு முடிந்து முதல் தவணை நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும்.

சேரும் நாளில் போவது

அதிகக் காசு போகும் தப்பு இதுதான் என்பதால் இதையே முதலில் சொல்ல வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இரண்டுமே கவுன்சிலிங் வழியாகச் சேருபவருக்கு உரியவை. பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய போஸ்ட் மெட்ரிக் விதிகளும் மேனேஜ்மென்ட் கோட்டாவை ஏற்பதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே வீட்டுக்கு வரும் ஆட்கள், 'இப்பவே சீட் போட்டுருங்க, ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்' என்பார்கள். அந்த சீட் எந்த ஒதுக்கீட்டில் பதிவாகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. அதே கல்லூரியில், அதே பிரிவில் கவுன்சிலிங் வழியாக இடம் கிடைக்க வாய்ப்பிருந்தும், அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டிச் சேர்ந்த குடும்பம் நான்கு ஆண்டுச் சலுகையையும் அன்றே இழந்துவிடுகிறது. அதைப் பின்னால் மாற்ற வழியே இல்லை.

முதல் பட்டதாரிச் சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. சாதி பார்க்காது, வருமானமும் பார்க்காது. பார்ப்பதெல்லாம் குடும்பத்தில் வேறு யாராவது பட்டம் பெற்றிருக்கிறார்களா என்பதைத்தான். அப்பா அம்மாவோடு அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். தபால் வழியில் வாங்கிய பட்டமும் பட்டம்தான். ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் இந்தச் சலுகையை எடுக்க முடியும் என்பதால், இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாருக்கு எடுப்பது என்று முன்கூட்டியே யோசிப்பது நல்லது. அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேரும் மூத்தவருக்கு இதனால் பெரிய லாபம் எதுவும் இல்லை. சுயநிதி பொறியியல் கல்லூரிக்குப் போகும் இளையவருக்கு உண்டு. ஆனால் மூத்தவர் பட்டம் வாங்கிவிட்டால் இளையவர் 'முதல்' பட்டதாரி ஆக முடியாது. ஆகவே இது ஒரே ஆண்டில் அல்லது அடுத்தடுத்த ஆண்டுகளில் சேரும் பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு.

7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. இதில் சேருபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏற்காட்டு மலையில் பழங்குடியினர் நலத்துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது. எட்டாம் வகுப்பை மட்டும் ஒரு தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவருக்கும் இடம் கிடையாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்று போகும்போதுதான் ஆண்டுக்கு 2.50 லட்சம் ரூபாய் என்ற வரம்பு வரும். 'எங்களுக்கு வருமானம் கொஞ்சம் கூட, கிடைக்காது' என்று பி.எஸ்சி. மாணவர்கள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது வீண்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வருமான வரம்பும் 2.50 லட்சம்தான். தகுதியுள்ள இந்த மாணவர்களிடம் சேரும்போதே கட்டணத்தைக் கேட்டு நெருக்கக் கூடாது என்று 2012-லேயே அரசாணை எண் 92 போடப்பட்டது. கல்லூரி அலுவலகத்தில் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்பவரிடம் பேச்சின் தொனியே மாறும். வாயால் கேட்பதோடு நிற்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சான்றிதழ்கள்

வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவையில் தலைக்கு 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று போய்த் தாசில்தார் அலுவலகத்தில் கையெழுத்தாகும். எல்லாவற்றுக்கும் முன்னால், இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் 'கேன்' எண்ணுக்கான பதிவு என்று ஒன்று உண்டு. இங்கேதான் கண் வேண்டும். கேன் பதிவில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, முகவரிதான் பிறகு எடுக்கும் ஒவ்வொரு சான்றிதழிலும் தானாகப் போய் உட்காரும். மையத்துப் பையன் அவசரத்தில் தமிழ்ப் பெயரைத் தப்பாக அடித்தால் மூன்று சான்றிதழிலும் அதே தப்பு இருக்கும். அதைவிட மோசமானது, அப்பாவிடம் போன் இல்லை என்று மையத்துக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுவது. வி.ஏ.ஓ. ஒரு ஆவணம் கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால் குறுஞ்செய்தி அவருக்குப் போகும். குடும்பம் பத்து நாள் காத்துவிட்டு 'இன்னும் வரலையே' என்று வந்து நிற்கும். திரையை நம் பக்கம் திருப்பச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டு 'சரி' என்று சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வருமானச் சான்றிதழில் சேலத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கூலிக்குச் செய்பவருக்கும், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் சொந்த வீட்டில் இரண்டு தறி ஓட்டுபவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. வருமானம் எவ்வளவு என்பதை வி.ஏ.ஓ. விசாரித்துத்தான் எழுதுவார். அதில் ஒன்றும் தவறில்லை. தவறு வேறு இடத்தில் நடக்கிறது. வண்டிக் கடனுக்காகவோ தறி வாங்கும் கடனுக்காகவோ ஆடிட்டர் சொல்லி வருமான வரிக் கணக்கில் 5 லட்சம் காட்டியிருப்பார்கள். உதவித்தொகைக்கு 1.20 லட்சம் என்று சான்றிதழ் வாங்குவார்கள். அடுத்த மாதம் அதே பிள்ளைக்குக் கல்விக் கடன் கேட்டு பேங்குக்குப் போகும்போது வரிக் கணக்கு, வருமானச் சான்றிதழ் இரண்டையும் ஒன்றாக நீட்டுவார்கள். ஒரே ஆண்டுக்கு ஒரே மனிதருக்கு இரண்டு வருமானம். மேனேஜர் கடனை நிறுத்துவதற்கு வேறு காரணம் தேவையில்லை. எந்த எண்ணாக இருந்தாலும் எல்லாத் தாளிலும் அது ஒன்றாக இருக்கட்டும். அதுவும் உண்மையான எண்ணாக இருக்கட்டும்.

மலையில் வேறு சிக்கல். சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்லர்) பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989 நவம்பர் முதல் அது வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. கையில். ஏற்காடு தாலுகாவுக்குச் சேலம் ஆர்.டி.ஓ. என்பதால் விசாரணை, விளக்கம் என்றால் மலையிறங்க வேண்டியிருக்கும். மற்றச் சான்றிதழைப் போல ஒரு வாரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. பிளஸ் ஒன்னிலேயே போட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பட்டியலில் 'மலையாளி' என்ற இனம் தருமபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சி என்று பழைய மாவட்டப் பெயர்களோடு கட்டப்பட்டிருக்கிறது. அதே இனத்தவர் ஈரோட்டு மலைகளிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மாவட்டப் பெயர் பட்டியலில் இல்லாததால் அங்கே அதே சான்றிதழ் கிடைப்பதில்லை. அதனால் பூர்வீகம் எந்த மாவட்டம் என்பதற்கான ஆதாரம், அதாவது அப்பா அல்லது தாத்தாவின் பழைய சான்றிதழ், நிலப் பட்டா, பள்ளிப் பதிவேடு இவற்றில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். டி.சி.யில் சாதிப் பெயரை வேறு மாதிரி எழுதியிருந்தால் பள்ளியில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம். கல்லூரிக்குப் போன பிறகு யாரிடம் கேட்பது என்றே தெரியாது.

பெயர்த் திருத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுதான் அசல் என்று வைத்துக்கொண்டு, முதலில் ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்த வேண்டும். பிறகு பேங்க், அதன்பின் கல்லூரியின் யூமிஸ் பதிவு, அதாவது மாணவர் விவரங்களைக் கல்லூரி ஏற்றும் அரசுத் தளம். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று இஷ்டத்துக்கு மாற்றி ஒரு வாய்ப்பை வீணடிக்கக் கூடாது. 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்யாமல் விட்டவர்களுக்கு விண்ணப்பத்தின்போது அடையாளச் சரிபார்ப்பே தோற்றுவிடும். ஆதாரோடு இணைந்த போன் எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாகலூர், வெள்ளக்கடை பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் ஓ.டி.பி. வருமா வராதா என்று டவரை நம்பி நிற்காமல், சேலத்துக்கு வரும் நாளிலேயே முடித்துக்கொள்வது மேல்.

பேங்கில் மாட்டிக்கொள்வது

'ஆதார் லிங்க் பண்ணியாச்சு' என்று பேங்கில் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கணக்கு வைத்திருப்பவரின் அடையாளத்துக்காக ஆதார் எண்ணைப் பதிவதும், அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பரிமாற்றக் கழகம்) பட்டியலில் ஏற்றுவதும் வேறு வேறு வேலைகள். உதவித்தொகை பார்ப்பது இரண்டாவதைத்தான். அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான் நிற்கும். கடைசியாக ஏற்றியது எதுவோ அதுவே. மாணவி ஸ்டேட் பேங்கில் கணக்கு வைத்திருப்பார். நடுவில் தபால்காரர் சொல்லி அஞ்சலகப் பேமென்ட்ஸ் பேங்கில் ஒன்று தொடங்கியிருப்பார், அதோடு ஆதார் அங்கே தாவியிருக்கும். கல்லூரியில் 'பணம் அனுப்பியாச்சு' என்பார்கள், பாஸ்புக்கில் இருக்காது. தொலைந்துபோனதாக நினைத்த பணம் மறந்துபோன கணக்கில் கிடக்கும். ஆதார் தளத்தில் உள்நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தைப் பார்த்தால் எந்த பேங்க், உயிரோடு இருக்கிறதா என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும். விண்ணப்பத்துக்கு முன் ஒரு முறை, பணம் வரும் பருவத்தில் ஒரு முறை பார்ப்பது போதும்.

ஏழாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்குத் தொடங்கிய கணக்கு 18 வயது முடிந்ததும் மைனர் கணக்கு என்று நின்றுபோகும். புதுக் கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுத்து மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். முழு ஆவணம் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' வகையில் ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சத்தையும், எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. பொறியியல் கட்டணமும் உதவித்தொகையும் ஒன்றாக வரும்போது இந்தச் சுவர் இடிக்கும்.

பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் தொகையில் 40 சதவீதம் மாநிலப் பங்கு, 60 சதவீதம் மத்தியப் பங்கு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்தியப் பங்கு நேரடியாக மாணவர் கணக்குக்கு வரும். ஆகையால் பணம் இரண்டு தவணையாக, மாத இடைவெளியில் வருவது சகஜம். அந்தப் பணம் முழுவதும் மாணவருடையதும் அல்ல. அதில் கல்லூரிக் கட்டணமும் இருக்கிறது. அதை உடனே கல்லூரிக்குக் கட்டிவிட வேண்டும். இளங்கலை பி.ஏ., பி.எஸ்சி. வகைக்கு ஆண்டுப் பராமரிப்புத் தொகை விடுதியில் இருப்பவருக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000. பி.இ. போன்ற தொழிற்பட்டப் படிப்புக்கு 13,500-உம் 7,000-உம். கணக்கில் 30,000 விழுந்ததைப் பார்த்து அப்பா தறிக்கு நூல் வாங்கிவிட்டால், ஹால் டிக்கெட் சமயத்தில் கல்லூரி 'ஃபீஸ் பாக்கி' என்று நிற்கும். வந்த தொகையில் கட்டணம் எவ்வளவு, பராமரிப்பு எவ்வளவு என்று கல்லூரி அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்வது இந்தச் சண்டையைத் தவிர்க்கும்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை வாங்குபவரும் இதை வாங்கலாம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவரும் இதில் வருவர். 7.5 சதவீதத்தில் தள்ளப்பட்டவர் இதிலாவது தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒன்றை வாங்கினால் இன்னொன்று போகும்

எல்லாவற்றையும் ஒன்றாக வாங்க முடியாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கல்லூரி மாணவர் தகுதி உதவித்தொகையில் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை. ஆனால் மாநில உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவருக்கு இது கிடையாது. இரண்டையும் போட்டுவிட்டு எது வருகிறதோ பார்ப்போம் என்று இருந்தால் சரிபார்ப்பில் ஒன்று விழும், சில சமயம் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லும். எது பெரிது என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கான தகுதி '80 பெர்சன்டைல்', அதாவது அந்த வாரியத்தில் அந்தப் பிரிவில் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 80 சதவீத மதிப்பெண் என்று புரிந்துகொண்டு ஏமாறுபவர் பலர். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம், குடும்பத்துக்கு இரண்டு பெண்கள் வரை. நடுத்தர வருமானக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண்களுக்கு இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்பவரின் பிள்ளைகளுக்குத் தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவியும், கட்டடத் தொழிலாளி வீட்டில் அந்த வாரியத்தின் உதவியும் உண்டு. தொகை சிறியது. புத்தகத்துக்கு ஆகும்.

இரண்டாம் ஆண்டு

புதிதாக விண்ணப்பிப்பவருக்கு நோட்டீஸ் போர்டில் தேதி ஒட்டுவார்கள். ஏற்கெனவே வாங்குபவரைப் புதுப்பித்தல் என்ற பெயரில் கல்லூரியே யூமிஸில் சரிபார்த்து அனுப்பும். 'தானா வந்துரும்' என்று மாணவர் இருக்க, கல்லூரிப் பொறுப்பாளர் மாறியிருப்பார், அல்லது இரண்டாம் ஆண்டுக்கு உயர்த்தாமல் பெயர் முதலாம் ஆண்டிலேயே நின்றிருக்கும். மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய முதல் மாதத்தில் பொறுப்பாளரிடம் போய் 'என் பெயர் புதுப்பித்தலில் போய்விட்டதா' என்று திரையில் காட்டச் சொல்ல வேண்டும். கல்லூரி மாறியவருக்குப் பழைய கல்லூரி விடுவிக்காமல் பெயர் இரண்டு இடத்தில் நின்றால் இரண்டிலும் பணம் வராது. டி.சி. வாங்கும் அன்றே யூமிஸிலிருந்தும் விடுவிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மத்தியத் தகுதி உதவித்தொகையைத் தக்கவைக்க ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். வருகைதான் மலைப் பிள்ளைகளுக்கு ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதுபோல நடக்கும்போது, தினமும் இறங்கி ஏறிப் படிப்பவர் வாரக்கணக்கில் வர முடியாது. அப்படி வராத நாட்களுக்குத் துறைத்தலைவரிடம் அந்த வாரமே எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டும். செமஸ்டர் முடிவில் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. விண்ணப்பக் கடைசித் தேதிகளும் இதே மழைக்காலத்தில் வந்து விழுவதுண்டு என்பதால் ஐப்பசிக்கு முன்பே தாள்களை முடித்துவிடுவது நல்லது.

கடன்

4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானமும் இல்லை, நாம் போட வேண்டிய கைப்பணமும் இல்லை, 7.5 லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை. வித்யாலட்சுமி தளத்தில் ஒரே விண்ணப்பம் போடலாம். கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டு விண்ணப்பதாரர் என்பதால், மகளிர் குழுக் கடனில் அம்மா வைத்திருக்கும் பாக்கி, கட்டாமல் விட்ட வண்டித் தவணை எல்லாம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் எழுந்து நிற்கும். போவதற்கு மூன்று மாதம் முன்பே அதைப் பார்த்துத் தீர்த்துவிட வேண்டும்.

வட்டி எப்படி ஓடுகிறது என்பதுதான் புரியாமல் போகும் இடம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டு, வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு, அடுத்ததற்கு நான்கு, மூன்று, இரண்டு என்று தனிவட்டி மொத்தம் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000. முதலாண்டில் மாத வட்டி 833 ரூபாய்தான். அதைப் படிக்கும்போதே கட்டி வந்தால் பல பேங்குகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கும். புதுமைப் பெண் ஆயிரத்திலேயே முதலாண்டு வட்டி அடங்கிவிடும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், தவணை இல்லாத இந்தக் காலத்துக்கான வட்டியை மத்திய அரசே தருகிறது. இது தானாக நடக்காது. வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்து, கிளை கோரிக்கை அனுப்பினால்தான் உண்டு. படிப்பை நடுவில் விட்டால், மருத்துவக் காரணம் தவிர, மானியமும் போகும். ஆண்டுக்கு ஒரு முறை கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி, வட்டி மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அந்த ஆண்டிலேயே கிளையில் எழுதிக் கொடுத்து, கோரிக்கை அனுப்பிய தேதியைக் கேட்டு வாங்க வேண்டும்.